வெட்டிச் சாடியில் வைக்கவும் காயவைக்கவும் ஏற்ற பூக்கள்: திருகோணமலைத் தோட்டக்காரரின் கேள்விகள்

உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா என்று எந்தப் பக்கமிருந்து பூங்கன்று கேட்டு வந்தாலும், கன்றைக் கையில் வாங்கியதும் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, கீழே பதிலும் தந்திருக்கிறேன். பூவை வளர்க்க மாரி மழை, காயவைக்க மேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட கச்சான் காற்று, இரண்டுமே எங்கள் ஊருக்குக் கிடைத்திருக்கின்றன. எந்தப் பூவை எந்தப் பருவத்தில் வைப்பது என்று தெரிந்தால் போதும், பெரிய செலவில்லாமல் இரண்டு பலனையும் எடுக்கலாம்.

ஒருக்கா நட்டா வருசக்கணக்கா நிக்கோணும், சாடியிலயும் வைக்கோணும், காயவைக்கவும் வேணும். அப்படி என்ன பூ இருக்கு?

எங்கள் வெக்கையைத் தாங்கி இரண்டு வேலைக்கும் உதவுகிறவை என்றால் நீலக் கதிர் விடுகிற நீல சால்வியா, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற கைலார்டியா, மஞ்சள் கொத்தாகப் பூக்கிற கோல்டன்ரொட், ரோசா. நீல சால்வியாவும் கைலார்டியாவும் இரண்டு மூன்று வருடம் நன்றாக நிற்கும், பிறகு கன்றைப் புதுப்பிக்க வேண்டும். கோல்டன்ரொட் நிலத்துக்குக் கீழே கிழங்கோடிப் பரவும், ஆனால் தண்ணீர் கேட்கும். ரோசா பல வருடம் நிற்கும், பராமரிப்பும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

ஒரு வேலைக்கு மட்டும் உதவுகிறவையும் உண்டு. நிலச்சம்பங்கி வெட்டிச் சாடியில் வைக்க அருமையான பூ. காய்ந்தால் பழுப்பு நிறச் சருகுதான் மிஞ்சும். போகன்விலா நேர் எதிர். வெட்டித் தண்ணீரில் வைத்தால் சீக்கிரமே வாடிவிடும், காயவைத்தாலோ நிறம் அப்படியே நிற்கும். ஹெலிகோனியா, அந்தூரியம் இரண்டும் நிழலில் வளர்த்துப் பச்சையாக விற்கத்தான் நல்லவை. இவற்றோடு வாடாமல்லி, கோழிக்கொண்டை இரண்டையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடாமல்லி ஒரு வருசத்தில செத்துப்போற பூ தானே அக்கா. அதையேன் இதுக்குள்ள சேர்க்கிறீங்க?

ஆம், அது ஒரு பருவப் பூதான். கோழிக்கொண்டையும் அப்படித்தான். ஆனால் முற்றிய பூ சிலதைச் செடியிலேயே விட்டுவிட்டால் விதை விழுந்து அடுத்த மழைக்குத் தானாகவே முளைக்கும். களை பிடுங்கும்போது அந்த நாற்றுகளை அடையாளம் கண்டு விட்டுவிடுங்கள். ஒரே பாத்தியில் வருடாவருடம் வாடாமல்லி நிற்பதால் தோட்டக்காரருக்கு அது பல்லாண்டுப் பூ மாதிரித்தான்.

இன்னொரு காரணம், இங்கே இதைப் போல வேறு பூ இல்லை. வெயில், மணல், காற்று எல்லாவற்றையும் தாங்கும். சாடியில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். காய்ந்தபின் மாதக்கணக்கில் நிறம் மாறாது. புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் முதல் பாத்தி வாடாமல்லிதான் என்று சொல்வேன்.

நிலாவெளிப் பக்கம் எங்கட வளவு முழுக்க மணல். கிணத்துத் தண்ணியும் கோடையில உவர்க்குது. இதில பூ வருமா?

வரும். மணல் தரைக்கு ஒரு நன்மை உண்டு: மாரியில் தண்ணீர் தேங்காது, வேர் அழுகாது. குறை என்னவென்றால் பசளையையும் ஈரத்தையும் அது பிடித்து வைக்காது. நடுவதற்கு முன் ஒவ்வொரு பாத்திக்கும் நன்றாக மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து மேல்மண்ணோடு ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறுங்கள். தும்புத்தூளை முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி எடுங்கள், அதற்குள்ளும் உப்பு இருக்கும். பிறகு வைக்கோலோ காய்ந்த இலையோ கொண்டு மூடாக்குப் போடுங்கள். எங்கள் மணலில் பாதித் தண்ணீரை மிச்சம் பிடிப்பது இந்த மூடாக்குத்தான்.

உவர்த் தண்ணீரை இலையில் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மேலே தங்கிவிடும். இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் கீழே இறங்கிப் போகும். கைலார்டியாவும் போகன்விலாவும் உவரை ஓரளவு பொறுக்கும். ரோசா பொறுக்காது. கிணறு உவர்க்கிற வளவில் ரோசாக் கன்றைப் பூச்சட்டியில் நட்டு, மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுவதுதான் வழி.

எந்த மாதம் நடுறது?

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை எங்களுக்கு மழை, அதிலும் நவம்பர், டிசம்பர் அடைமழை. அந்த நேரம் விதையை நேரே பாத்தியில் போட்டால் அள்ளுண்டு போகும். நவம்பர் கடைசியில் கூரைக்குக் கீழே தட்டில் நாற்றுப் போடுங்கள். வாடாமல்லி விதையில் பஞ்சு மாதிரி ஒரு மூடல் இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்துப் போட்டால் ஒன்றரை, இரண்டு வாரத்தில் முளைக்கும். மழை தணிகிற ஜனவரியில் 25 முதல் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் பாத்திக்கு மாற்றுங்கள். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பிரியும். மார்ச் தொடங்கிப் பூ வெட்டலாம்.

சால்வியா, கைலார்டியா நாற்றுக்கும் இதே கணக்குத்தான். போகன்விலாத் தடியை மழை தொடங்கும்போது ஊன்றுங்கள். நிலச்சம்பங்கிக் கிழங்கை மழை ஓய்ந்தபின் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் வையுங்கள். மூன்று நாலு மாதத்தில் பூக்கும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிளப்பிப் பிரித்து நட வேண்டும்.

நுவரெலியாவில பார்த்த ஹைட்ரேஞ்சா, படத்தில வாற லாவெண்டர் எல்லாம் இங்க வைக்கேலாதா?

வைக்கலாம், நிலைக்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அந்தக் குளிர் இரவுதான் ஹைட்ரேஞ்சாவுக்கு வேண்டும். லாவெண்டர் வெயிலைத் தாங்கும், ஆனால் எங்கள் மாரியின் ஈரப்பதத்தில் அடியிலிருந்து அழுகும். லாவெண்டரின் நீலக் கதிர்தான் ஆசை என்றால் நீல சால்வியா வையுங்கள். வாசம் இராது, நிறமும் கதிரின் வடிவமும் கிடைக்கும், காய்ந்தாலும் நீலம் நிற்கும்.

காகிதம் போன்ற சின்னப் பூக்கள் உள்ள ஸ்டேட்டிஸ் பற்றியும் கேட்கிறார்கள். உப்புக்காற்றைத் தாங்கும் பூதான், ஆனால் பூப்பதற்குக் கொஞ்சம் குளிர் வேண்டும். ஆசைக்கு டிசம்பரில் நாலு கன்று வைத்துப் பாருங்கள், முழுப் பாத்தியை அதற்கென்று ஒதுக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் விதை எடுப்பதாக இருந்தால், தாவரத் தொற்றுத்தடைச் சேவையின் அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

சாடிக்கு வெட்டுறதும் காயவைக்க வெட்டுறதும் ஒண்டுதானே? பூத்ததும் வெட்டவேண்டியதுதானே?

இல்லை. காய்ந்த பூ உதிர்ந்தது, கறுத்தது, பஞ்சாகப் பறந்தது என்று வருகிற முறைப்பாடுகளில் பெரும்பாலானவை வெட்டிய நேரத்தால் வந்தவை. காயவைப்பதில் பிழை இருப்பது குறைவு. ஒவ்வொரு பூவுக்கும் பருவம் வேறு.

வாடாமல்லி இரண்டு தேவைக்கும் முற்ற வேண்டும். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். விறைப்பாக நின்றால் வெட்டலாம். இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்தவர் பிறகு கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். பிந்தவும் விடக்கூடாது: பூவின் அடிப்பக்கம் வெளிறத் தொடங்கினால் விதை முற்றுகிறது, காய்ந்ததும் கொட்டும். கோழிக்கொண்டையும் கொண்டை நன்றாக விரிந்தபின், கறுப்பு விதை கொட்டத் தொடங்குமுன் வெட்ட வேண்டும்.

ரோசாவுக்குக் கணக்கு வேறு. சாடிக்கு, வெளி இதழ் இளகத் தொடங்கும்போது வெட்டுங்கள். காயவைக்க, பாதி விரிந்ததும் வெட்டுங்கள். முழுக்க விரிந்ததைத் தொங்கவிட்டால் இதழ் ஒவ்வொன்றாக உதிரும். கோல்டன்ரொட் சாடிக்கு என்றால் பாதிப் பூ விரிந்திருக்கலாம். காயவைக்க அதற்கும் முந்த வேண்டும், பிந்தினால் எல்லாம் பஞ்சாகிவிடும். சால்வியாக் கதிரில் அடியிலிருந்து பாதிக்கு மேல் விரிந்தபோது வெட்டினால் இரண்டுக்கும் சரி. கைலார்டியாவைச் சாடிக்கு முழுதாக விரிந்தபின் வெட்டுங்கள். காயவைக்க இதழைப் பார்க்காதீர்கள். இதழ் உதிர்ந்தபின் நிற்கிற உருண்டைத் தலைதான் அழகு. நிலச்சம்பங்கியில் அடிப்பூ இரண்டு மூன்று விரிந்ததும் வெட்டிவிடலாம், மிச்சம் சாடியில் விரியும்.

காலமை வெட்டின பூ மத்தியானமே தலை தொங்குது. ஏன்?

காலை என்று எத்தனை மணியைச் சொல்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மே முதல் ஓகஸ்ட் வரை இங்கே எட்டு மணிக்கே வெயில் சுடும். சூரியன் ஏறுமுன் வெட்டுங்கள். கையில் கூடையைக் கொண்டு போகாமல் தண்ணீர் உள்ள வாளியைக் கொண்டு போங்கள். வெட்டியதும் தண்ணீருக்குள் மூழ்குகிற இலைகளை உருவி எறிந்துவிட்டு, நிழலான அறையில் மூன்று நாலு மணித்தியாலம் வாளியிலேயே ஓய்வெடுக்க விடுங்கள். அதன்பிறகுதான் சாடியில் அடுக்க வேண்டும்.

வாளியும் கத்தரியும் சுத்தமாக இருக்க வேண்டும். தண்டின் வாயை அடைப்பது கிருமிதான். தண்ணீரைத் தினமும் மாற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்டின் நுனியைச் சரிவாக வெட்டிவிட்டால் வேறு மருந்து தேவையில்லை.

காயவைக்கிற பூவுக்கு நேரம் கொஞ்சம் வேறு. பனி உலர்ந்தபின், வெயில் சுடுமுன் வெட்டுங்கள். பனியோடு கட்டினால் கட்டுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

கச்சான் காலத்தில வெயிலில போட்டா கெதியா காயும் தானே?

காயும், நிறம் போய்விடும். எங்களுக்கு வேண்டியது கச்சானின் காற்று மட்டும். மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை தரைப்பக்கமிருந்து அடிக்கிற இந்தக் காற்று சூடும் வறட்சியுமானது. வேறு ஊர்களில் இரண்டு மூன்று வாரம் எடுக்கிற பூ இங்கே ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். இருட்டும் காற்றோட்டமும் உள்ள ஓர் அறையைத் தெரிவுசெய்யுங்கள். தட்டுமுட்டுச் சாமான் அறை நல்லது. குசினி வேண்டாம், புகையும் ஆவியும் நிறத்தைக் கெடுக்கும்.

இலையை உருவிவிட்டு எட்டுப் பத்துத் தண்டுகளாக இறப்பர் பட்டியால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நூலால் கட்டினால் தண்டு காய்ந்து சுருங்கும்போது நழுவி விழும், இறப்பர் பட்டி தானாக இறுகும். பூத்தலைகள் ஒன்றின்மேல் ஒன்று அமுங்காமல் ஏற்றி இறக்கி வைத்துக் கட்டுங்கள். கோழிக்கொண்டைக்குக் கீழே ஒரு பழைய பத்திரிகையை விரித்துவிட்டால் அடுத்த வருட விதையும் சேரும். தண்டை மடிக்கும்போது பட்டென்று முறிந்தால் காய்ந்தது என்று அர்த்தம். வளைந்தால் இன்னும் நாள் இருக்கிறது. கடலை ஒட்டிய வீடுகளில் கடல் பக்க யன்னலைச் சாத்தி, மேற்குப் பக்க யன்னலைத் திறந்து வையுங்கள்.

மாரியில பூத்தா என்ன செய்யிறது? தொங்கவிட்டா பூஞ்சணம் பிடிக்குது.

மாரியில் தொங்கவிட வேண்டாம். அந்தக் காலத்துப் பூவைச் சாடிக்கு வெட்டுங்கள். கட்டாயம் காயவைக்க வேண்டுமென்றால் ஈரத்தை உறிஞ்சுகிற குருணியான சிலிக்கா ஜெல் தான். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, பூவை நிமிர்த்தி வைத்து, இதழ்களுக்கு இடையிலும் மெதுவாகக் கொட்டி மூடிவிடுங்கள். பூவின் கனத்தைப் பொறுத்து மூன்று நாள் முதல் ஒரு வாரம். ரோசாவும் டென்ட்ரோபியம் ஓர்கிட்டும் இந்த முறையில் வடிவம் மாறாமல் காயும். ஈரம் இழுத்த ஜெல்லை 110 முதல் 120 பாகை செல்சியஸ் சூட்டில் அவணில் உலர்த்தினால் திரும்பப் பாவிக்கலாம். நீல நிறக் குருணி வாங்க வேண்டாம், அதில் உடலுக்குக் கேடான கோபால்ட் சேர்ந்திருக்கும். வெள்ளையோ செம்மஞ்சளோ வாங்குங்கள். கொட்டும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

ஜெல்லுக்குக் காசு கொடுக்கிறதை விட கடல் மணல் சும்மா கிடக்குதே. அதில புதைச்சா?

மணலில் புதைத்துக் காயவைப்பது பழைய, நல்ல முறை. ஆனால் கடல் மணலை அப்படியே எடுக்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும், எங்கள் இரவுகளில் அது சாதாரணம். பூ காய்வதற்குப் பதிலாக ஈரத்துக்குள் கிடக்கும். அதனால் பொடிமணலைச் சல்லடையில் அரித்து, நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை கழுவி, நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு தெரியாத அளவுக்கு வந்தபின் வெயிலில் சுட உலர்த்துங்கள். மணல் ஈரத்தை உறிஞ்சுவதில்லை, வடிவத்தைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தான் உதவும். அதனால் டப்பாவை மூடாமல் திறந்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். கச்சான் காலத்துக்கு மட்டும் உகந்த முறை இது.

சிவப்பு ரோசா காய்ஞ்சா கறுத்துப்போகுது. வாடாமல்லிக்கு மட்டும் என்ன விசேசம்?

நிறம் தருகிற பொருளே வேறு. ரோசாவின் சிவப்புக்குக் காரணம் அந்தோசயனின். காயும்போது அது இருண்டுபோகும். வாடாமல்லி, கோழிக்கொண்டை, போகன்விலா மூன்றுக்கும் நிறம் கொடுப்பது பீற்றூட்டில் இருக்கிற பெற்றாலெயின். உலர்ந்தபின் அது நன்றாக நிற்கும். ரோசாதான் வேண்டுமென்றால் கடும் சிவப்பை விட்டு ரோஸ் நிறத்தையும் மஞ்சளையும் தெரிவுசெய்யுங்கள். வெள்ளை பழுப்பேறும். எந்தப் பூவானாலும் காய்ந்தபின் யன்னல் வெளிச்சத்தில் வைத்தால் வெளிறத்தான் செய்யும்.

குளத்தில தாமரைக் காய், சம்பு எல்லாம் கிடக்குது. எடுத்துக் காயவைக்கலாமா?

தாமரைக் காயைவிட அழகான காய்ந்த பொருள் இந்த மாவட்டத்தில் இல்லை என்பது என் எண்ணம். அதுவும் பல்லாண்டுச் செடி, கிழங்கு சேற்றுக்குள் நின்று வருடாவருடம் பூக்கும். காய் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறத் தொடங்கும்போது நீளத் தண்டோடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தலை பாரமானது, ஒவ்வொன்றாகவே தொங்கவிட வேண்டும். கமக்காரர் பாவிக்கிற குளம் என்றால் அவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், கிழங்கைத் தொடாதீர்கள். இல்லையென்றால் முற்றத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி போதும்.

சம்பை, கதிர் மெலிதாகவும் இறுக்கமாகவும் இருக்கும்போதே வெட்டுங்கள். தடித்து முற்றியதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஒருநாள் வெடித்து அறை முழுக்கப் பஞ்சாகும்.

மலைநாட்டில முழங்கால் உயரத்துக்கு வாற செவ்வந்தி, எங்களிட்ட சாணளவிலயே பூத்துருது. பசளை காணாதா?

பசளைப் பிரச்சினை இல்லை. செவ்வந்தி இரவு நீளமாக இருந்தால் மொட்டு வைக்கிற செடி. திருகோணமலையில் வருடத்திலேயே நீளமான பகல்கூட 12 மணித்தியாலம் 40 நிமிடத்தைத் தாண்டாது. அதனால் செடிக்கு எந்த மாதமும் பூக்கிற மாதமாகவே தெரியும். வளருமுன்பே மொட்டு வைத்துவிடும். மலைநாட்டில் நீளத் தண்டு எடுக்கிறவர்கள் இரவில் விளக்குப் போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

நீங்களும் செய்யலாம். நட்டதிலிருந்து நாலு வாரம் வரை இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை பாத்திக்கு மேலே விளக்கை எரிய விடுங்கள். செடி இரவு இரண்டாக உடைந்ததாக எடுத்துக்கொண்டு வளரும். விளக்கை நிறுத்தியதும் மொட்டு வைக்கும். கோல்டன்ரொட் குட்டையாக வருவதற்கும் இதே காரணம், இதே வைத்தியம். சின்னத் தோட்டத்துக்கு மின்சாரச் செலவு கட்டுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். குட்டைப் பூவையே சின்னச் சாடிக்கு வெட்டுவதிலும் குறை ஒன்றுமில்லை.

டவுனுக்குள்ள மான் வந்து எல்லாத்தையும் மேயுது. என்ன செய்யிறது?

பிரட்றிக் கோட்டையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை உண்டு. மானை விரட்ட வேண்டாம், வேலியை உயர்த்துங்கள். ஆள் உயரத்துக்கு மேல் வலை கட்டினால்தான் நிற்கும். சால்வியா, கைலார்டியாவில் மான் வாய் வைப்பது குறைவு, அவற்றை வெளி வரிசையில் நட்டு ரோசாவை உள்ளே வையுங்கள்.

ரின்னில போட்டு வைச்ச பூவுக்குக் கீழ மா மாதிரிப் பொடி விழுந்து கிடக்குது. பூச்சியா?

பூச்சிதான். பூவுக்குள் முட்டை ஏற்கெனவே இருந்திருக்கும். காய்ந்த பூவைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி மூன்று நாலு நாள் பிறீசரில் வைத்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்காதீர்கள், குளிர்ச்சி போகும் வரை விடுங்கள். இல்லையென்றால் பூவின் மேல் தண்ணீர் கோர்க்கும். பிறகு பிஸ்கற் ரின்னில், ஒரு சின்னத் துணிப்பையில் சிலிக்கா ஜெல்லும் போட்டு மூடி வையுங்கள். ஒக்டோபர் வருமுன் எல்லாம் ரின்னுக்குள் போய்விட வேண்டும். மாரியில் வெளியே நிற்கிற காய்ந்த பூ ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும்.

கோயிலுக்குக் காய்ஞ்ச பூ குடுக்கலாமா? இல்லாட்டி ஆருக்கு விக்கிறது?

பூசைக்கு அன்றலர்ந்த பூத்தான். கோணேசர் கோயிலுக்கோ பத்திரகாளி அம்மனுக்கோ கொடுக்க விரும்பினால் நிலச்சம்பங்கியும் ரோசாவும் வெட்டிக் கொடுங்கள், காய்ந்ததைக் கொடுக்க வேண்டாம்.

காய்ந்த பூவை வாங்குகிறவர்கள் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்கள், கலியாண மண்டப அலங்காரக்காரர், பரிசுப்பொருள் கடைகள். எங்கள் கடற்கரைக்கு உல்லாசப் பயணிகள் வருகிற மாதங்களும் கச்சான் மாதங்களும் ஒன்றுதான். நடுகிற கேள்வியில் சொன்ன கணக்குப்படி மார்ச்சில் வெட்டத் தொடங்கினால் முதல் கட்டுகள் மே மாதத்தில் விற்பனைக்குத் தயாராகிவிடும். முதலில் வாடாமல்லி, நீல சால்வியா, தாமரைக் காய் மூன்றும் சேர்த்து ஒரு கட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விலை பேசும்போது தண்டின் நீளத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதனால் வெட்டும்போதே ஒரு முழம் தண்டு விட்டு வெட்டுங்கள்.